கபால அடித்தள முறிவு: ஏற்காட்டு மலைப்பாதை முதல் சேலத்து வார்டு வரை, படிப்படியாக

தலையில் அடிபட்டு வந்தவரின் மண்டையைத் தடவிப் பார்த்து, பள்ளமும் இல்லை, வெடிப்பும் இல்லை என்றதும் மனம் ஆறிவிடுவது புதிதாகப் பணிக்கு வரும் பலரிடம் காணப்படும் வழக்கம். கபால அடித்தள முறிவு கைக்கு அகப்படாது. மூளை அமர்ந்திருக்கும் தளத்தில் விழுந்த விரிசல் மூக்கிலும் காதிலும் கண்ணிலும்தான் வெளிப்படும். அதுவும் சில மணி நேரம், சில வேளைகளில் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே இதை அறிவதற்கு ஒரு முறை பார்ப்பது போதாது, குறித்த வரிசையில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்த வழிகாட்டி ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் முதலில் நோயாளியைப் பார்க்க நேரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்கள், 108 ஊர்திப் பணியாளர்கள், சேலத்தில் வார்டுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. விபத்து நடந்த இடத்தில் உதவுபவர்கள் 3, 4, 8 ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல வெளிச்சமுள்ள சிறு டார்ச், காது பார்க்கும் ஓட்டோஸ்கோப், கடினமான முனை கொண்ட சக்ஷன் குழாய், வாய்வழிக் காற்றுக் குழாய்கள் பல அளவுகளில், கழுத்துக் காலர், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, ஆக்சிஜன், மலட்டுத் துணிப்பட்டைகள், மூடியுள்ள சுத்தமான மாதிரிக் குப்பிகள் ஆகியவை ஒரே தட்டில் இருக்க வேண்டும். ஓட்டோஸ்கோப் பெரும்பாலும் வேறொரு அறையின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும், அல்லது அதன் மின்கலம் தீர்ந்திருக்கும். செவிப்பறையைப் பார்க்காமலே நோயாளி அனுப்பப்படுவதற்கு அறியாமையைவிட இதுவே அடிக்கடி காரணமாகிறது.

சக்ஷன் கருவி மின்சாரம் இல்லாதபோதும் இயங்குகிறதா என்பதைப் பணிமுறை தொடங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். அடித்தள முறிவில் இரத்தம் வெளியே வழிவதைவிடத் தொண்டைக்குள் இறங்குவது அதிகம். அதை உறிஞ்சி எடுக்க முடியாத நிலையில் மற்ற எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

தட்டில் இருக்கக் கூடாத ஒரு பொருளும் உண்டு: மூக்குவழியே இரைப்பைக்குச் செலுத்தும் ரைல்ஸ் குழாய். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பழக்கத்தின் வேகத்தில் அது உள்ளே போய்விடும்.

2. எந்த அடியில் சந்தேகம் வர வேண்டும்

கபாலத்தின் அடித்தளம் முன், நடு, பின் என மூன்று குழிகளாக அமைந்தது. முன்குழியின் தளத்தில், மூக்கின் கூரையாக, சல்லடை போன்ற மெல்லிய எலும்பு இருக்கிறது. நடுக்குழியில், காதின் உட்பகுதிகளைத் தாங்கும் பொட்டெலும்பின் பாறைப் பகுதியும், மூளைக்குச் செல்லும் பெரிய தமனியின் கால்வாயும் உள்ளன. பின்குழி கழுத்து முள்ளெலும்புகளின் மேல் அமர்ந்திருக்கிறது. எந்தக் குழியில் விரிசல் விழுந்ததோ அதற்கேற்ப அடையாளம் மாறும்: முன்குழி என்றால் மூக்கும் கண்ணும், நடுக்குழி என்றால் காதும் முகநரம்பும், பின்குழி என்றால் கழுத்தும் விழுங்குதலும்.

அடித்தள எலும்பு முறிய வலுவான விசை வேண்டும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தடுப்புச் சுவரில் மோதிய இருசக்கர வாகனங்களும், சேலத்தைச் சுற்றிய நெடுஞ்சாலை விபத்துகளும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறியவர் விழுந்தால், அந்த உயரமே போதுமான காரணம் என்பது மறக்கப்படுகிறது. விழுந்தவர் எழுந்து நடந்து வந்திருப்பார். கூட வந்தவர்கள் “லேசான அடிதான்” என்பார்கள். விழுந்த உயரத்தையும் தலை எதில் மோதியது என்பதையும் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மோவாயில் விழுந்த அடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாடையெலும்பின் மூட்டு பின்னோக்கித் தள்ளப்பட்டுக் காதுக் குழாயின் முன்சுவரைக் கிழிக்கலாம். அதே விசை அடித்தளத்தையும் உடைக்கலாம். இரண்டிலும் காதிலிருந்து இரத்தம் வரும் என்பதால் பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது.

3. முதல் சில நிமிடங்கள்: முறிவைத் தேடாதீர்கள்

நோயாளியைக் கண்டதும் காதில் டார்ச் அடித்துப் பார்ப்பது தவறான தொடக்கம். நோயாளியின் உயிர் முதலில் அடைபட்ட மூச்சிலும், குறைந்த ஆக்சிஜனிலும், சரிந்த இரத்த அழுத்தத்திலும் போகிறது. விரிசலை ஒரு மணி நேரம் கழித்தும் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒருவர் தலையையும் கழுத்தையும் கைகளால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அடித்தளத்தை உடைத்த விசை கழுத்தையும் கடந்தே சென்றிருக்கும் என்பதால், சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை கழுத்தும் முறிந்திருப்பதாகவே கொள்ளுங்கள். தலைக்கவசத்தை ஒருவராகக் கழற்ற முயலக் கூடாது; ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் இருபுறமும் விரித்து மெதுவாக எடுக்க வேண்டும்.

அடுத்து மூச்சுப்பாதை. தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்தள்ளுங்கள். வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்து, நினைவிழந்து ஓங்கரிப்பு இல்லாதவராக இருந்தால் வாய்வழிக் காற்றுக் குழாயை வையுங்கள். ஆக்சிஜன் செறிவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகமூடியை இறுக்கி ஆம்பு பையை வேகமாக அழுத்தினால் விரிசல் வழியே கபாலத்துக்குள் காற்று ஏறலாம் என்பது உண்மை. அதற்காக மூச்சு நின்றவருக்கு ஆம்பு பையை மறுப்பது அதைவிடப் பெரிய பிழை. மென்மையாக, குறைந்த அழுத்தத்தில் கொடுங்கள். முடிந்த விரைவில் வாய்வழியே மூச்சுக்குழலில் குழாய் இடுங்கள்.

இரத்த அழுத்தத்தைத் தாராளமாகவே வைத்திருங்கள். கடுமையான தலைக்காயத்தில் மேல் அழுத்தம் 50 முதல் 69 வயது வரையில் 100க்கும், அதைவிட இளைய பெரியவர்களிலும் 70 வயதைக் கடந்தவர்களிலும் 110க்கும் குறையாமல் இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால் தலைக்காயத்தின் மேல் பழி போடாமல் வயிறு, மார்பு, இடுப்பு, தொடை ஆகியவற்றில் இரத்தப்போக்கைத் தேடுங்கள். குளுக்கோஸ் கரைசல் வேண்டாம். அது மூளை வீக்கத்தைக் கூட்டும் என்பதால் சாதாரண உப்புக் கரைசலையே ஏற்றுங்கள்.

பிறகுதான், நினைவின் அளவை 3 முதல் 15 வரை குறிக்கும் கிளாஸ்கோ நனவு மதிப்பெண். கண், பேச்சு, அசைவு என மூன்றையும் தனித்தனியாகவும், நேரத்தோடும் எழுதுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் எழுதினால், அடுத்துப் பார்ப்பவருக்கு எது மாறியது என்று தெரியாது. “குடித்திருக்கிறார், அதனால்தான் இப்படி” என்ற குறிப்பை எழுதும் உரிமை சி.டி. படம் வந்த பிறகே நமக்கு உண்டு. இருபக்கப் பாவைகளின் அளவையும் வெளிச்சத்துக்கு அவை சுருங்குவதையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் வந்தவர் என்றால் இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் குறித்து முடிவெடுக்க வேண்டிய கட்டமும் இதுதான். 2019இல் வெளிவந்த கிராஷ்-3 ஆய்வில் பயன்படுத்திய அளவு, 10 நிமிடத்தில் 1 கிராம், அதன் பின் 8 மணி நேரத்தில் 1 கிராம். லேசான, நடுத்தரமான தலைக்காயங்களில்தான் பயன் தெரிந்தது. நேரம் தாழ்த்தத் தாழ்த்தப் பயன் குறைகிறது.

4. மூக்கின் வழியே எதையும் நுழைக்காதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், இந்தப் பிழையைத் திருத்த வழியில்லை என்பதுதான். மூக்கின் கூரையான மெல்லிய எலும்பு உடைந்திருந்தால், மூக்கில் செலுத்திய ரைல்ஸ் குழாய் தொண்டைக்குத் திரும்பாமல் மேலேறி மூளைக்குள் போய்விடும். அப்படி நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முகத்தில் பலத்த அடியோ, மூக்கில் இரத்தமோ, கண்ணைச் சுற்றிய கன்றலோ இருந்தால் இரைப்பைக் குழாயை வாய்வழியே இடுங்கள். மூக்குவழிக் காற்றுக் குழாய், மூக்குவழி மூச்சுக்குழல் குழாய், மூக்கினுள் நுழைக்கும் சக்ஷன் ஆகியவற்றுக்கும் இதே விதி.

மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தால் துணிச்சுருளைத் திணித்து அடைக்கும் ஆசை எழும். கசிவது இரத்தத்தோடு கலந்த, மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவமாக இருந்தால், அடைப்பு அதைத் தேக்கி, மூக்கிலுள்ள கிருமிகளை மேலேற்றும். நாசிக்கு வெளியே துணிப்பட்டையைத் தளர்வாக வைத்து நனைந்ததும் மாற்றுங்கள். உயிருக்கு ஆபத்தான அளவில் இரத்தம் கொட்டினால் மட்டுமே அடைக்கலாம். அப்போதும் மூச்சுப்பாதையைக் குழாயிட்டுக் காத்த பின், அனுபவமுள்ளவர் கையால் அது நடக்க வேண்டும்.

காதுக்கும் அப்படியே. பஞ்சை உள்ளே அழுத்துவது, நீர் பீய்ச்சிக் கழுவுவது, சொட்டு மருந்து விடுவது எதுவும் கூடாது. வீட்டிலிருந்தே காதில் எண்ணெய் ஊற்றியும், தலைக்காயத்தில் காபித்தூளை அப்பியும் கொண்டுவருவது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. காப்பித் தோட்டம் சூழ்ந்த ஊரில் காபித்தூளுக்குப் பஞ்சம் ஏது? உறவினரைக் கடிந்துகொள்ள வேண்டாம். என்ன போட்டார்கள் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; எண்ணெய் கலந்த கசிவு பின்னால் குழப்பத்தை உண்டாக்கும்.

தண்ணீரோ சோடாவோ குடிக்கக் கொடுப்பதையும் தடுத்துவிடுங்கள். வாந்தியும் அறுவைச் சிகிச்சையும் முன்னே நிற்கின்றன.

5. அடையாளங்களைத் தேடும் வரிசை

மூச்சும் சுற்றோட்டமும் நிலைப்பட்ட பின் இந்தச் சோதனையைத் தொடங்கலாம். வரிசை மாறினால் தடயம் அழிந்துவிடும். முகத்திலும் காதிலும் உறைந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்ப்போம் என்று செவிலியரிடம் சொல்லும் புதியவர்கள், எந்தத் துளையிலிருந்து எந்தத் திசையில் வழிந்தது என்ற செய்தியையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். துடைப்பதற்கு முன் பாருங்கள், எழுதுங்கள்.

முதலில் காது. வெளியே இரத்தம் இருந்தால் அது காதுமடலின் கிழிசலிலிருந்து வந்ததா, குழாயின் உள்ளிருந்து வந்ததா என்று பாருங்கள். குழாய் அடைபடாமல் இருந்தால் ஓட்டோஸ்கோப்பால் செவிப்பறையைப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் பளபளக்க வேண்டிய செவிப்பறை கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அதன் பின்னால் இரத்தம் தேங்கியிருக்கிறது. கன்றல்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே, முதல் மணி நேரத்திலேயே காணக் கிடைக்கும் அடையாளம் இது. அதனால்தான் ஓட்டோஸ்கோப்பை முதல் பகுதியிலேயே வலியுறுத்தினேன்.

அடுத்து காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு. அங்கே தோன்றும் கன்றலுக்குப் பேட்டில் அறிகுறி என்று பெயர். பெரும்பாலும் ஒரு நாள் கழித்து, சிலரில் இரண்டு மூன்று நாட்கள் கழித்தே தெரியும். பாடநூல் படங்கள் வெளிர் தோலில் எடுக்கப்பட்டவை. நம்மவர் தோலில் அந்த நீலம் அப்படித் துலங்காது. முடியை ஒதுக்கி, இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, லேசாகத் தொட்டு வலி இருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்து நடந்த அரை மணி நேரத்தில் அங்கே கன்றல் தெரிந்தால், அது நேரடியாக விழுந்த அடியின் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது கண். இரு கண்களைச் சுற்றியும் கருநீலக் கன்றல், அதுவும் இமையின் விளிம்பையொட்டிய பகுதியில் பரவாமல் ஒரு வட்ட எல்லையோடு நின்றால், முன்குழி முறிவை நினைக்க வேண்டும். நெற்றிக் காயத்தின் இரத்தம் புவியீர்ப்பால் இறங்கியும் இமை வீங்கும்; அங்கே நெற்றியிலும் வீக்கம் இருக்கும். இமை வீங்கி மூடிக்கொள்ளும் முன்பே விரித்து வெள்ளைவிழியைப் பாருங்கள். விழிவெண்படலத்தின் கீழ் படர்ந்த இரத்தத்தின் பின் எல்லை தெரியாமல் உள்ளே நீண்டு சென்றால், அது கண்குழிக்குப் பின்னிருந்து வருகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருப்பதாகச் சொன்னால் உடனே கண் மருத்துவரை அழையுங்கள். வீங்கிய இமைக்குள் பார்வை போய்க்கொண்டிருப்பதை மறுநாள் கண்டுபிடிப்பது மிகத் தாமதம்.

கடைசியாகக் கபால நரம்புகள். இவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவிடவே கூடாது: முகநரம்பு. நினைவோடு இருப்பவரைப் புருவம் உயர்த்தவும், கண்ணை இறுக மூடவும், பல்லைக் காட்டவும் சொல்லுங்கள். நினைவில்லாதவருக்கு, புருவ மேட்டில் அழுத்தி வலி கொடுத்து முகம் இருபக்கமும் ஒருபோலச் சுளிக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்குழல் குழாயிடத் தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து நேரத்தோடு பதிவு செய்யுங்கள். அடிபட்ட உடனேயே முகம் வாதப்பட்டிருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டிவரும். முதலில் நன்றாக இருந்து பின்னர் வாதப்பட்டால் அது வீக்கத்தின் விளைவு. பெரும்பாலும் தானே சரியாகும். இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட எந்தக் கருவியும் இல்லை. முதலில் பார்த்தவர் எழுதிய ஒரு வரிதான் ஆதாரம். அந்த வரி இல்லாமல் வந்த நோயாளிக்காக வார்டில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் ஊகத்தின் பேரில் வாதிட்டுக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி.

கண் வெளிப்பக்கம் திரும்ப மறுத்தால் ஆறாம் நரம்பு. விரல்களைக் காதருகே உரசும் ஒலி கேட்கவில்லை என்றால் கேட்டலைக் குறித்துவையுங்கள். மணம் தெரியவில்லை என்பதைப் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்த் தாளிப்பு வாசனை வராதபோதுதான் உணர்வார்கள்.

முதல் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால் “அடித்தள முறிவு இல்லை” என்று எழுதாதீர்கள். “இந்த நேரத்தில் அடையாளம் தென்படவில்லை” என்று எழுதி, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

6. கசிவது மூளைத் தண்டுவடத் திரவமா?

துணியில் விழுந்த சொட்டின் நடுவில் சிவப்பும் சுற்றிலும் தெளிந்த வளையமும் தோன்றினால் திரவக் கசிவு என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் இரத்தத்தோடு தண்ணீரோ எச்சிலோ சளியோ கலந்தாலும் அதே வளையம் வரும். வளையம் தெரிந்தால் சந்தேகத்தை வலுப்படுத்திக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள். அதற்கு மேல் அந்தச் சோதனைக்கு எடை இல்லை.

சர்க்கரைப் பட்டையால் மூக்கு நீரைச் சோதிப்பதும் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடலாம் என்பது என் முடிவு. இரத்தம் கலந்தாலே சர்க்கரை காட்டும். நீரிழிவு உள்ளவரின் மூக்கு நீரிலும் சர்க்கரை இருக்கும். மூளையுறைக் காய்ச்சல் தொடங்கிவிட்டால் திரவத்திலேயே சர்க்கரை குறைந்துவிடும்.

நம்பத்தக்கது, மூளைத் தண்டுவடத் திரவத்துக்கே உரிய புரதத்தைத் தேடும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை. சொட்டுச் சொட்டாக வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். அரை மில்லி லிட்டர் அளவு கிடைத்தால் கூடப் பயன்படும். பெரிய ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவு வர நாளாகும். ஆகவே அதற்காக எந்தச் சிகிச்சையையும் நிறுத்திவைக்காதீர்கள்.

நோயாளியின் சொற்களைக் கேட்பதில்தான் உண்மையான பயன் இருக்கிறது. தொண்டையில் உப்புக் கரிக்கிறது, குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டுகிறது, காலையில் தலையணை நனைந்திருக்கிறது என்று அவர் சொல்வது எந்தப் பட்டையையும்விட மேலான சான்று. செவிப்பறை கிழியாமல் இருந்தால் காதுப் பக்கக் கசிவும் உட்குழாய் வழியே தொண்டைக்கு இறங்கும் என்பதால், காது உலர்ந்திருப்பது கசிவின்மைக்கு அத்தாட்சி ஆகாது. குனியச் செய்து பார்க்கும் சோதனையைக் கழுத்தில் முறிவு இல்லை என்று உறுதியான பின்னரே செய்யுங்கள்.

7. சி.டி. ஸ்கேன்: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

அடித்தள முறிவின் ஓர் அடையாளம் தெரிந்தாலே தலைக்குச் சி.டி. எடுக்க வேண்டும், பிரிட்டனின் நைஸ் நெறிமுறை ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது, கனடா சி.டி. தலை விதியிலும் அது உயர் ஆபத்துக் குறியாகவே வைக்கப்பட்டுள்ளது. மண்டை எக்ஸ்-ரேயில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அடித்தள விரிசல்கள் அதில் எளிதில் தப்பிவிடும்.

“தலைக்காயம், சி.டி. மூளை” என்று மட்டும் எழுதினால் இரத்தக்கட்டு தெரியும், விரிசல் தவறிப்போகும். “கபால அடித்தள முறிவு ஐயம், 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகள், எலும்பு நோக்கில், குறுக்கிலும் நெடுக்கிலும் மறுவடிவம் தேவை” என்றும், கசிவு எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். கழுத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நோயாளியைத் தூக்கி வைப்பது மிச்சமாகும்.

படத்தில் விரிசல் தமனிக் கால்வாயைத் தொட்டுச் சென்றால், இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். தமனியின் உட்சுவர் கிழிந்து, முதலில் எந்தக் குறியும் இல்லாமல், பின்னர் பக்கவாதமாக வெளிப்படக்கூடும். விரிசல் தெரியாமல், கபாலத்துக்குள் கருங்குமிழாகக் காற்றும், எலும்பின் காற்றறைகளில் நீர்மட்டமும் தெரிந்தால் விரிசல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

8. மலையிலிருந்து இறக்குதல்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் செல்லும் முதன்மைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நரம்பியல் அறுவைச் சிகிச்சை சேலத்தில், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில்தான் கிடைக்கும். ஆகவே இறக்குவதா என்பது கேள்வியில்லை. எப்படி இறக்குவது என்பதே கேள்வி.

விழுங்கிய இரத்தமும் வளைவுகளும் சேர்ந்தால் வாந்தி உறுதி. புறப்படும் முன்பே ஒண்டான்செட்ரான் 4 மி.கி. சிரைவழி கொடுங்கள். காலர் கட்டி மல்லாந்து படுத்தவர் வாந்தியெடுத்தால், உடலும் தலையும் ஒன்றாக ஒருபக்கம் திருப்பப்பட வேண்டும். அதற்கு இருவராவது பின்னால் இருக்க வேண்டும். உறவினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்பதை நிற்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஊர்தியில் நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கம் இருக்கும். இறக்கத்தில் வண்டியின் முன்புறம் தாழ்வதால் தலையும் தாழும். தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது மூளையழுத்தத்தைக் குறைக்கவும் கசிவைக் குறைக்கவும் வேண்டியது என்பதால், இறங்கும்போது அந்தச் சரிவையும் ஈடுகட்டும்படி சற்றுக் கூடுதலாக உயர்த்துங்கள். தண்டுவடம் குறித்து ஐயம் இருந்தால் இடுப்பை மடக்காமல் படுக்கை முழுவதையும் சாய்த்து வையுங்கள். காலரை இறுக்கிக் கட்டினால் கழுத்துச் சிரைகள் அழுந்தி மூளையழுத்தம் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நனவு மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுப்பாதையைக் குழாயிட்டுக் காத்த பின்பே புறப்படுவது நல்லது. வளைவில் ஆடும் வண்டிக்குள் குழாயிடும் முயற்சி எளிதில் தோற்கும். குழாயிட ஆளில்லாத இடத்தில் காத்திருந்து பொழுதைக் கழிக்க வேண்டாம். உறிஞ்சிக்கொண்டே இறங்குங்கள், அடிவாரத்தில் மேல்நிலை உயிர்காப்பு வசதியுள்ள ஊர்தி எதிர்கொள்ளும்படி தொலைபேசியில் ஏற்பாடு செய்யுங்கள். வழியில் ஒரு பக்கப் பாவை விரிந்தாலோ மதிப்பெண் இரண்டு குறைந்தாலோ மூளையழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் 20 சதவீதக் கரைசல், உடல் எடையில் கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம் வரை, இரத்த அழுத்தம் போதுமாக இருந்தால் மட்டும் கொடுக்கலாம். எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக மானிட்டால் ஏற்றி அனுப்பும் வழக்கம் தவறு. அது சிறுநீராக வெளியேறி இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடாதீர்கள். அது தட்டணுக்களின் வேலையைக் குறைத்து இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். பாராசிட்டமால் போதும். அமைதிப்படுத்தும் ஊசிகளும் வேண்டாம். அலைக்கழிப்பே மூளையழுத்தத்தின் முதல் குறியாக இருக்கலாம்.

விபத்துப் பதிவேட்டில் “மூக்கில் இரத்தம்” என்று முடித்துவிடாமல் பக்கம், நேரம், நிறம், செவிப்பறை நிலை, முகநரம்பு நிலை ஆகியவற்றை எழுதி, அதன் நகலை நோயாளியுடனேயே அனுப்புங்கள். சாலை விபத்தானால் தமிழ்நாடு அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்று உறவினரிடம் சொல்லுங்கள். பணம் புரட்டப் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

9. வார்டில் முதல் சில நாட்கள்

தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்கட்டும். மலமிளக்கி தொடக்க நாளிலேயே வேண்டும். முக்குவதும் இருமுவதும் மூக்குச் சிந்துவதும் கபாலத்துக்குள் அழுத்தத்தை ஏற்றி, மூடத் தொடங்கிய கிழிசலை மீண்டும் திறக்கும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள்.

நனவு மதிப்பெண், பாவை, கை கால் வலு ஆகியவற்றை மதிப்பெண் 15 ஆகும்வரை அரை மணிக்கொரு முறையும், அதன் பின் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறையும், அடுத்த 4 மணி நேரம் மணிக்கொரு முறையும், பிறகு 2 மணிக்கொரு முறையும் பாருங்கள். ஐந்தாம் பகுதியின் சோதனையைத் தினமும் காலையில் முழுமையாகத் திரும்பச் செய்யுங்கள்.

கசிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தடுப்பு நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது பரவலான பழக்கம். கிடைத்திருக்கும் சோதனை ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் மூளையுறைக் காய்ச்சல் குறைவதற்கு ஆதாரம் காணவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றுக்காக விழித்திருங்கள். ஐயம் எழுந்த அந்த நேரத்திலேயே முழு அளவில் சிகிச்சையைத் தொடங்குங்கள். அடிக்கடி காரணமாவது நிமோகாக்கஸ் கிருமி என்பதால், கசிவுள்ளவருக்கு நிமோகாக்கல் தடுப்பூசி போடுவது பொருத்தமானது. திறந்த புண் இருந்தால் டெட்டனஸ் தடுப்பூசியை மறக்காதீர்கள்.

மூளைக் காயத்துக்கென்று ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்குபெற்று 2004இல் வெளிவந்த கிராஷ் ஆய்வில், அது கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு கூடியது. தாமதமாக வந்த முகவாதத்துக்கு அதைக் கொடுப்பது வேறு கணக்கு; அந்த முடிவு காது மூக்கு தொண்டை மருத்துவருடையது. முகவாதம் உள்ளவரின் கண் மூடாது என்பதால், கண்ணீர்ச் சொட்டும் இரவில் களிம்பும் போட்டு விழிப்படலத்தைக் காப்பது நம்முடையது.

10. கசிவு நிற்காதபோது

பெரும்பாலான கசிவுகள் ஒரு வாரத்துக்குள் படுக்கை ஓய்விலேயே நிற்கும். காதுக் கசிவு மூக்குக் கசிவைவிட எளிதில் நிற்கும். ஏழு நாளைத் தாண்டினால் மூளையுறைக் காய்ச்சலின் ஆபத்து ஏறுகிறது. அப்போது முதுகுத் தண்டில் வடிகுழாய் இடுவதா, மூக்குவழி எண்டோஸ்கோப்பால் கிழிசலை ஒட்டுவதா என்பது நரம்பியல் அறுவையரும் காது மூக்கு தொண்டை அறுவையரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது. கபாலத்துக்குள் காற்று அதிகமாக இருக்கும்போது வடிகுழாய் மேலும் காற்றை உள்ளிழுக்கும் என்பதால், முன்னதாகச் சி.டி.யை மறுபடி பாருங்கள்.

11. வீட்டுக்கு அனுப்பும்போது

மூக்குச் சிந்துதல், பாரம் தூக்குதல், முக்குதல், நீச்சல், விமானப் பயணம் ஆகியவை மருத்துவர் சொல்லும்வரை கூடாது. மலை ஊர்களுக்குத் திரும்புவோருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், காது அடைக்கும். உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிக் காதைத் திறப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அந்த ஒரு ஊதலில் ஆறிவந்த கிழிசல் திறந்து, காற்று உள்ளே ஏறலாம். எச்சிலை விழுங்கவோ வாயைத் திறந்து மூடவோ மட்டும் சொல்லுங்கள். படத்தில் கபாலத்துக்குள் காற்று இருந்தவர், அது கரைந்துவிட்டதாக மறு சி.டி. காட்டும்வரை அடிவாரத்திலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

காய்ச்சலும் தலைவலியும், வாந்தி, மயக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ மீண்டும் நீர் சொட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பி வர வேண்டும். சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து ஒரு கண் சிவந்து பிதுங்கி, நாடித்துடிப்போடு துடித்து, தலைக்குள் ‘உஸ் உஸ்’ என்ற ஒலி கேட்டால், தமனிக்கும் சிரைக்கும் இடையே புதிய இணைப்பு உண்டாகியிருக்கலாம். இதைக் கண்வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் பார்வை போகும். மூளையுறைக் காய்ச்சல் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால், பழைய தலைக்காயத்தைப் பற்றி எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் மருத்துவரிடம் சொல்லும்படி வெளியேற்றச் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.

கேட்டல் சோதனையை ஆறு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். நடுக்காதில் தேங்கிய இரத்தம் அதற்குள் கரைந்திருக்கும். அப்போதும் காது கேட்கவில்லை என்றால் நடுக்காதின் சிறு எலும்புகளின் சங்கிலி விலகியிருக்கலாம், அதை அறுவையால் சரிசெய்ய வாய்ப்புண்டு. சோதனைக்கு வரும் நாளைச் சீட்டின் மேற்பகுதியில் பெரிதாக எழுதி, தோட்ட வேலைக்குப் போகிறவர் என்றால் மேஸ்திரியிடம் காட்ட ஒரு நகலும் கொடுத்தனுப்புங்கள்.